இணைச்சீரில் எடுத்த படம்

கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

டிக்கெட்டு வாங்கியாகிவிட்டது. சௌந்திரத்தின் தகரப்பெட்டியில் புதுச்சேலைகளும் கொள்ளுப்பொடி டப்பாவும் அடுக்கியாகிவிட்டது. பாக்கி இருந்தது சேலத்துச் சர்க்கார் கச்சேரியின் முத்திரை ஒன்றுதான்.

அவள் புருஷன் தங்கசாமி ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் மேஸ்திரி. கலியாணமான நாலாம் மாதம் கப்பல் ஏறியவன்; மூன்று வருஷமாகிறது. அவன் போனபோது டிக்கெட்டு ஒன்றே போதுமாயிருந்தது. இந்தப் புரட்டாசியோடு சட்டம் மாறிவிட்டது. இங்கிருந்து போகிறவர் பாஸ்போர்ட்டு வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து அனுமதிச் சீட்டும் வந்திருக்க வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ள விரும்புகிறவன், அவள் தன் மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

"இங்கியும் அதே வெள்ளைக்கார ராசா, அங்கியும் அதே ராசா. நடுவால என்னத்துக்குச் சீட்டு?" என்று மாமனார் சின்னண்ணக் கவுண்டர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லத்தான் ஊரில் ஆள் இல்லை.

எப்படியோ தங்கசாமி அங்கே அலைந்து சீட்டுக்கு உத்தரவு வாங்கிவிட்டான். சீட்டு அவன் கைக்குப் போகாமல் நேரே சேலத்துக் கச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று இருந்த சமயத்தில்தான், போன வெள்ளிக்கிழமை கச்சேரியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. படத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது, மனுதாரர் நேரில் வரவும் என்று இரண்டே வரி.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேர் கிளம்பினார்கள். கவுண்டர், சௌந்திரம், மூன்றாவதாகக் கண்ணாத்தாள்.

கண்ணாத்தாள் தங்கசாமிக்கு அக்காள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். வெள்ளைச் சேலை கட்டிய நாளிலிருந்து யாருடைய நல்ல காரியத்துக்கும் அவள் முன்னால் வந்து நின்றதில்லை. பட்டணத்துக்குப் பொம்பளைத் துணை வேண்டும் என்று சௌந்திரம் பிடிவாதம் பிடித்துத்தான் கூட்டி வந்திருந்தாள்.

கச்சேரி வாசலில் புங்கமரத்தடிக்கு வந்ததும் கண்ணாத்தாள் நின்றுவிட்டாள்.

"நான் இங்கியே இருக்கறேன். முத்திரை வாங்கற காரியம். நீ போயிட்டு வா கண்ணு."

சௌந்திரம் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நாத்தனார் அசையவில்லை.

*

உள்ளே இருந்த அதிகாரி கடற்கரைச் சீமைக்காரர். சேலத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கவுண்டரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று சௌந்திரத்தின் பாஸ்போர்ட்டு மனு. போன மாதம் சேலத்துப் படக்கடையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்த படம் அதில் ஒட்டியிருந்தது. மற்றது ரங்கூனிலிருந்து வந்த சீட்டு. அதிலும் பெயர் சௌந்திரம்தான், தங்கசாமியின் மனைவி. குமாஸ்தா அதை வாசித்துக் காட்டினார்.

ஆனால் அதில் ஒட்டியிருந்த முகம் வேறு.

தலை நிறையப் பூ. கழுத்து நிறைய நகை. நெற்றியில் பெரிய குங்குமம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற உதடு.

"இது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

சௌந்திரத்துக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. கவுண்டர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ற மகளுங்க. கண்ணாத்தா."

"உங்கள் மருமகள் பெயரில் உள்ள சீட்டில் உங்கள் மகளின் முகம் எப்படி வந்தது?"

கவுண்டர் விழித்தார். அதிகாரி காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு முழுப் படத்தை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

கலியாணத்துக்கு அத்தாட்சியாகப் படம் இருந்தால் அனுப்பச் சொல்லித் தங்கசாமி எழுதியிருந்தான். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரே படத்தைக் கவுண்டர் தாமே மரச்சட்டத்திலிருந்து கழற்றித் தபாலில் போட்டார். பந்தல் தெரிகிறது, வாழைமரம் தெரிகிறது, மாப்பிள்ளைக் கோலத்தில் மகன் தெரிகிறான். வேறென்ன வேண்டும்? தங்கசாமியும் அப்படித்தான் நினைத்தான். அது அவனுடைய கலியாணப் படம். வீட்டில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சௌந்திரம் அல்ல. அது இணைச்சீர் நேரத்தில் எடுத்த படம்.

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அலங்காரம் செய்துகொண்டு அவன் பக்கத்தில் உட்காருவாள். மணப்பெண்ணுக்கு வாங்கிய கூறைச்சேலையின் ஒரு நுனி மாப்பிள்ளையிடம் இருக்கும், மறு நுனி அவள் கையில் இருக்கும். கலியாணம் ஆனாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்பதற்கு அது அடையாளம். கொங்கு வெள்ளாளர் வீடுகளில் அந்தச் சீர் நடக்காமல் கலியாணம் இல்லை.

படமெடுக்க வந்தவர் வெளியூர்க்காரர். கையில் இருந்தது ஒரே கண்ணாடித் தகடு. இன்னொன்று வண்டியில் உடைந்துபோயிருந்தது. ஆணும் பெண்ணும் ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் இதுதான் முகூர்த்தம் என்று எடுத்துவிட்டார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது ரங்கூனில் யாரோ ஒருவர் அதே படத்தைப் பார்த்து, அதே மாதிரி நினைத்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பிரதி எடுத்துச் சீட்டில் ஒட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் கவுண்டர் சொல்லி முடிக்கும்வரை அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அக்காளும் தம்பியும் கலியாணக் கோலத்தில் சேர்ந்து உட்காருவீர்களா?"

"உக்காருவமுங்க. உக்காரலீன்னாத்தான் தப்புங்க."

"மணம் செய்து வைத்த புரோகிதர் யார்? அவர் வந்து சொல்லட்டும்."

"எங்களுக்குப் புரோகிதர் கெடையாதுங்க. எங்க சனத்து அருமைக்காரருதான் செஞ்சு வெப்பாரு."

"அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

"மச்சானுங்க" என்றார் கவுண்டர், சொல்லும்போதே சுருதி இறங்கி.

அதிகாரி கட்டை மூடினார். கெட்ட மனுஷர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். சட்டம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒருவன் மனைவி என்று சொல்லி வேறொருத்தியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றும், அந்தப் பெண் அங்கே என்ன ஆனாள் என்று இன்றுவரை தகவல் இல்லை என்றும் சொன்னார். முகம் ஒத்துப்போகாத காகிதத்தில் தம்மால் முத்திரை போட முடியாது. ரங்கூனுக்கு எழுதிக் கேட்கிறேன், பதில் வரத் தை மாதம் ஆகும் என்றார்.

அனுமதிச் சீட்டு மார்கழிக் கடைசி வரைக்கும்தான் செல்லும். அதற்குள் அவள் ரங்கூனில் இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் மறுபடி மனு, மறுபடி அத்தாட்சி. சீமையில் நடக்கிற ஜெர்மன் சண்டை கிழக்கே பரவினால் கப்பல் ஓடுமோ ஓடாதோ.

நாலு மாதம் வாழ்ந்தவள் மூன்று வருஷம் காத்திருந்துவிட்டாள். இனி இன்னும் எத்தனை வருஷம்?

*

புங்கமரத்தடியில் மனு எழுதுகிற கந்தவேல் கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு பாய், ஒரு சாய்வுப்பலகை, ஒரு மைக்கூடு. உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கதையைக் கண்டுபிடிக்கிற ஆள். கவுண்டர் நடந்ததைச் சொன்னதும் அவரிடம் யோசனை தயாராக இருந்தது.

படமெடுத்தவரைக் கூட்டி வந்தால் என்ன என்று கவுண்டர் முதலில் கேட்டார்.

"அவர் வந்து சத்தியம் பண்ணுவாருங்க, படத்துல இருக்கற அம்மாதான் பொண்ணுன்னு" என்றார் கந்தவேல். "வேற ஒண்ணு இருக்குது. ஒரே வரி. படத்துல இருக்கறது மூத்த சம்சாரம். செத்துப்போச்சு. இந்தம்மா ரெண்டாந்தாரம். சீட்டு எழுதறப்ப பழைய படத்தை ஒட்டிப்போட்டாங்க. உள்ள நீங்க மகள்னு சொன்னது, ரெண்டாந்தாரம்னா சீட்டு செல்லாதோன்னு பயந்து சொன்னதுன்னு ஒத்துக்கங்க. இப்படி எழுதி மருமக கையெழுத்துப் போட்டா, சாயங்காலம் முத்திரை விழுந்துரும். செத்தவளை யாரு தேடப்போறாங்க?"

செத்தவள் இரண்டு முழ தூரத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கவுண்டர் மகளைப் பார்க்கவில்லை. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வேண்டாம் என்று அவர் சொல்லாததைச் சௌந்திரம் கவனித்தாள்.

பேசியது கண்ணாத்தாள்தான்.

"எழுதச் சொல்லுங்கப்பா. காகிதத்துல செத்தா உசுரா போயிரும்?"

"என்னங்க நங்கை பேசறீங்க?" என்று நாத்தனாரைப் பார்த்துக் கேட்டாள் சௌந்திரம்.

"நெசத்தைத்தான் பேசறேன். ரெண்டு வருஷமா நான் எங்க உசுரோட இருக்கறேன்? ஒரு சீருக்கு உண்டா, ஒரு செனத்திக்கு உண்டா? நீயாவது போய்ப் பொழை. மசமசன்னு நிக்காத. கையெழுத்தப் போடு."

கந்தவேல் காகிதத்தை எடுத்துத் தலைப்பு எழுத ஆரம்பித்திருந்தார். சௌந்திரம் குனிந்து அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்தாள். மை உள்ளங்கையில் ஒட்டியது.

"நான் போடமாட்டனுங்க மாமா."

கவுண்டர் நிமிர்ந்தார். மருமகள் அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதை அங்க அவரு படிக்கமாட்டாருங்களா? கூடப் பொறந்தவளைப் பொண்டாட்டின்னு எழுதி, அவ செத்தும் போயிட்டான்னு எழுதி, அதுக்குக் கீழ என்ற பேரு இருந்தா, நான் எந்த மூஞ்சியோட அவருக்கு முன்னால போய் எறங்கறது? கூறைச்சேலைய இவீங்க கையில புடிச்சுக் குடுத்த பொறவுதான் நான் கட்டினேன். இவீங்க இல்லீன்னா அந்தக் கலியாணமும் இல்லீங்க."

"கப்பல் போயிரும் புள்ள" என்றாள் கண்ணாத்தாள்.

"போவட்டும்."

கண்ணாத்தாள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சௌந்திரம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை விடவில்லை.

*

கண்ணாத்தாளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவளைக் குமாஸ்தா தடுக்கப் பார்த்தார். வரட்டும் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரே நின்றவளைப் பார்த்தார். பூ இல்லை. நகை இல்லை. நெற்றியில் ஒன்றும் இல்லை. தலையிலிருந்த முக்காட்டைச் சற்று விலக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

ஆண்கள் நாலு பேர் இருக்கிற அறையில் கண்ணாத்தாள் முக்காட்டை விலக்கினாள். இடது காதில், சின்ன வயதில் தோடு இழுத்துக் கிழிந்து தைத்த தழும்பு இருந்தது. படத்திலும் இருந்தது.

"தங்கசாமி உங்களுக்கு யார்?"

"தம்பிங்க. எனக்கு நாலு வயசு எளையவன். இடுப்புல தூக்கி வளத்துனேன்."

"உங்கள் கணவர்?"

"இல்லீங்க." பிறகு, கேட்காமலே சொன்னாள்: "இந்தப் படம் எடுத்த அன்னைக்கு இருந்தாருங்க. படத்துக்கு வெளிய, பந்தக்காலு கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. அவரைப் பாத்துத்தான் சிரிக்கறேன்."

அதிகாரி படத்தை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

தமக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்றும், ஆனால் தம் நம்பிக்கையைக் காகிதக் கட்டில் அத்தாட்சியாகச் சேர்க்க முடியாது என்றும் அவர் சொன்னார். அந்தக் கலியாணத்தில் இருந்தவர், இந்தக் குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாதவர், ஒருவர் வரவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தது யார், தாலி ஏறியது யார் கழுத்தில் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வந்தால் தாமே பொறுப்பேற்று முத்திரை போடுவதாகச் சொன்னார்.

வெளியே வந்து கவுண்டர் யோசித்தார். பந்தலில் இருந்தவர்களில் பங்காளிகள் பாதி, மாமன் மச்சான் பாதி. உறவு இல்லாத ஆளை எங்கே தேடுவது?

"ராசு இருக்காருல்லங்கப்பா" என்றாள் கண்ணாத்தாள்.

கவுண்டரின் முகம் இறுகியது.

கலியாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் நாவிதர். தங்கசாமியின் கலியாணத்தில் பாடியவர் ராசு. யார் எப்போது உட்கார வேண்டும், யார் கையில் எது இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பாட்டின்படிதான் நடந்தது. அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ராசு ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிச் சவரக்கடை திறந்தார். வழக்கம்போல வீட்டுக்கு வந்து முகம் வழிக்கும்படி கவுண்டர் ஆள் அனுப்பினார். கடை திறந்திருக்கிறது, கவுண்டரை அங்கே வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, இனி ராசு இந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது என்று கவுண்டர் சொல்லிவிட்டார்.

சொன்னது அவர்தான். அதனால் வேறு யாரையும் தூது அனுப்ப முடியாது.

*

ஊருக்குத் திரும்புகிற பஸ் ஆட்டையாம்பட்டி வழியாகத்தான் போகிறது. மூன்று பேரும் அங்கே இறங்கினார்கள். கண்ணாத்தாள் ரோட்டோரம் நின்றுகொண்டாள். கவுண்டரும் சௌந்திரமும் கடை வாசலுக்குப் போனார்கள்.

நாற்காலியில் நெசவுக்காரர் ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். ராசு கண்ணாடியிலேயே கவுண்டரைப் பார்த்துவிட்டார். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு வேலையைத் தொடர்ந்தது.

"வாங்க கவுண்டரே. பெஞ்சுல உக்காருங்க. இவருக்கு அப்புறம் நீங்கதான்."

முன்பெல்லாம் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

கவுண்டர் உட்காரவில்லை. சௌந்திரம்தான் விஷயத்தைச் சொன்னாள், கச்சேரி, படம், திங்கட்கிழமை எல்லாவற்றையும். ராசு கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"மறக்குமா அம்மிணி? கண்ணாத்தாம்மாதான் உக்காந்தாங்க. உங்க கழுத்துலதான் தாலி ஏறுச்சு. அதை எந்தக் கச்சேரியிலயும் சொல்லுவேன்." கத்தியை மடக்கி வைத்தார். "ஆனா அந்த அதிகாரி மொதல்ல என்ன கேப்பாரு? நீ எந்த ஊருன்னு கேப்பாரு. நான் எந்த ஊருன்னு சொல்லட்டும் கவுண்டரே?"

கவுண்டர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராசு விடவில்லை.

"ஆடி மாசம் எங்கம்மா செத்தா. நம்மூரு ஊட்டுலதான் செத்தா. நான் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு பொணத்தை வாங்கிக்கிட்டு வந்து இங்க அடக்கம் பண்ணுனேன். அது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும் என்பது கவுண்டரின் முகத்தில் இருந்தது.

ராசுவின் குரல் கடைசிவரை ஏறவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயில் முன்னால் ஊர் கூடும். எந்த இடத்தில், யார் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னாரோ, அதே இடத்தில் அவர்கள் முன்னாலேயே கவுண்டர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் திங்கட்கிழமை தாமே பஸ் ஏறிக் கச்சேரிக்கு வருவதாகச் சொன்னார்.

"இல்லீன்னா?" என்றார் கவுண்டர். கடைக்கு வந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"இல்லீன்னா நான் அந்த ஊர்க் கலியாணம் எதையும் பாத்ததில்லீங்க."

கவுண்டர் திரும்பி வேகமாக நடந்தார். சௌந்திரம் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் இருவரும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். சௌந்திரம் நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்கப்பனை எனக்குத் தெரியும்" என்றாள் கண்ணாத்தாள். "உசுரு போனாலும் சொன்ன சொல்ல எடுக்கமாட்டாரு. நீ அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கலாம் கண்ணு."

"மாமா சொல்லுவாருங்க."

"சொல்லலீன்னா?"

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அப்புறம் சௌந்திரம் சொன்னாள், தணிந்த குரலில் அல்ல.

"சொல்லலீன்னா நாளைக்குக் கோயில் முன்னால நான் நின்னு சொல்றனுங்க. நானும் அந்த ஊட்டு ஆளுதான்."

கவுண்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் பிடரி நிமிர்ந்தது. ஊர் வருகிறவரை அது தாழவே இல்லை. இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோயில் பக்கம் நடந்தார்.